பெயர் தெரிந்தால் தண்ணீர் கிடைக்கும்!

பிள்ளைகளே, பல வருடங்கள் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு வருடமும் ஒரு குறும்புக்காரன் எழுந்து நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவான்.

"சார், ங, ஙா, ஙி, ஙீ எல்லாம் எதுக்கு சார்? அதுல ஆரம்பிக்கிற வார்த்தை ஒண்ணுகூட இல்லையே!"

நியாயமான கேள்விதானே? 'இங்ஙனம்' என்று கடிதத்தின் கடைசியில் எழுதுகிறோம். அதைத் தவிர அந்த வரிசைக்கு நம்மிடம் பெரிய வேலை இல்லை. "பெரியவனானா தெரியும், உட்காரு" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எனக்கே சரியான பதில் தெரியாது!

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் நூலகத்தில் ஆஸ்திரேலியாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பதில் கிடைத்தது. ஙகரத்தில் தொடங்கும் பெயர்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன. ஙுன்னவால், ஙாரின்ஜெரி, ஙான்யஜாரா... இவையெல்லாம் அந்தக் கண்டத்தின் ஆதிகுடி மக்களுடைய இனப் பெயர்கள். ஆங்கிலேயருக்கு வார்த்தையின் முதலில் 'ங' சொல்ல வராது. அதனால் சில இடங்களில் அதை 'ந' ஆக்கினார்கள், சில இடங்களில் விட்டே விட்டார்கள். நம் ஒன்றாம் வகுப்புப் பையன் முகம் சுளித்துக்கொண்டே சொன்ன அந்த எழுத்து, பெரிய பெரிய அறிஞர்கள் காதில் விழவில்லை!

ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் வாழத் தொடங்கி 50,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1788இல் ஆங்கிலேயர் குடியேற வந்தபோது அங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. அவற்றில் எழுத்து வடிவம் கிடையாது. ஒவ்வொரு குன்றுக்கும், ஓடைக்கும், பாறைக்கும், மணல் மேட்டுக்கும் பெயர் இருந்தது. எல்லாம் வாயிலும் காதிலும் மட்டும்! அப்படியானால், அந்தப் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? சரியாக எழுதினார்களா? அதுதான் இன்றைய கதை.

"எனக்குத் தெரியாது" என்றானாமே?

முதலில் ஒரு பொய்க் கதையைத் தீர்த்துவிடுவோம். கங்காருவுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரர் ஒருவர் அந்த விலங்கைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாராம். அங்கிருந்தவர் "கங்காரு" என்றாராம். அதற்கு "எனக்குத் தெரியாது" என்று பொருளாம்! நானே வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். தப்பு. இப்போது திருத்திக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். 1770இல் கேப்டன் குக்கின் 'எண்டவர்' கப்பல் பவளப் பாறையில் மோதிச் சேதமடைந்தது. அதைப் பழுதுபார்க்க ஓர் ஆற்று முகத்தில் பல வாரங்கள் தங்கினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் 'குகு யிமிதிர்' என்ற மொழி பேசினார்கள். அவர்களிடம் கேட்டுக் குக்கின் குழுவினர் அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார்கள். 1820இல் வேறொரு கப்பல் தலைவர் அதே இடத்துக்குப் போனார். அவருக்கு வேறு ஏதோ ஒரு வார்த்தை கிடைத்தது. "அப்படியானால் குக் ஏமாந்து போனார்" என்று ஊர் உலகம் முடிவு கட்டிவிட்டது.

1970களில் ஜான் ஹேவிலண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் குகு யிமிதிர் மக்களோடு பழகி, அவர்கள் மொழியைக் கற்றார். அங்கே பெரிய கங்காரு வகை ஒன்றுக்குப் பெயர் 'கஙுரு'! இரண்டாம் எழுத்தைக் கவனித்தீர்களா? நம் ஙகர வரிசை. ஆங்கிலேயர் அதற்குப் பின்னால் ஒரு 'க' ஒலியைச் சேர்த்துக்கொண்டார்கள். நாமும் அவர்களைப் பார்த்துக் கங்காரு என்கிறோம். குக்கின் ஆட்கள் சரியாகத்தான் கேட்டிருந்தார்கள். 1820இல் வந்தவருக்குக் கிடைத்தது, உண்ணத்தக்க விலங்குகளுக்கான பொதுப் பெயர். 'இது என்ன?' என்று ஆட்டைக் காட்டிக் கேட்டால் ஒருவர் 'ஆடு' என்பார், ஒருவர் 'கறி' என்பார் இல்லையா, அப்படி!

ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஒரு மொழியைப் பார்த்து உலகமே சிரித்தது, கேட்கவேண்டியவர்களிடம் போய்க் கேட்காததால்.

நட்சத்திரம் பார்த்தவரும் பதினைந்து வயது ஆசிரியையும்

1788இல் சிட்னிக்கு வந்த முதல் கப்பல்களில் வில்லியம் டாஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி இருந்தார். வானத்தை ஆராய்வது அவர் வேலை. துறைமுகத்தின் ஓரத்தில், மற்றவர்களை விட்டுத் தள்ளி ஒரு குடிசை போட்டுக்கொண்டு இரவில் நட்சத்திரம் பார்த்தார். பகலில் ஆதிகுடி மக்கள் அங்கே வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பட்யகராங் என்ற பெண்ணும் ஒருத்தி. அவளுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும் என்கிறார்கள். அவள் அவருக்குத் தன் மொழியைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

டாஸ் நல்ல மாணவர். ஒற்றை வார்த்தைகளாக எழுதிக்கொண்டு போகாமல், யார், எப்போது, எதற்காகச் சொன்னார்கள் என்றும் குறித்துக்கொண்டார். குளிர்காலத்தில் நெருப்பில் கையைச் சூடாக்கி, அந்தக் கையால் இன்னொருவர் விரல்களை மெல்லப் பிடித்து அழுத்துவதற்கென்றே அந்த மொழியில் ஒரு சொல் இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறார். இத்தனை அன்பான செயலுக்கு ஒரே வார்த்தை! நம்மிடம் உண்டா? யோசித்துப் பாருங்கள்.

1791இன் கடைசியில் டாஸ் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய சிறிய நோட்டுப் புத்தகங்கள் லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1972இல்தான் அவை என்ன என்று கண்டுபிடித்தார்கள். இடையில் சிட்னியின் மொழி பேசுவாரில்லாமல் போயிருந்தது. இன்று அந்த மக்களின் வாரிசுகள் மொழியை மறுபடி கற்கும்போது அந்த நோட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள். டாஸ் குடிசை போட்டிருந்த முனை இப்போது சிட்னியின் பெரிய இரும்புப் பாலத்தின் தெற்கு முனைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு அரசாங்கப் பதிவில் இரண்டு பெயர். ஒன்று டாஸ் முனை. இன்னொன்று அதன் பழைய பெயரான 'தாரா'.

யாரோ... யாரோ!

எல்லோரும் டாஸ் மாதிரி பொறுமைசாலிகள் இல்லை. மெல்போர்ன் நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றுக்கு 'யாரா' என்று பெயர். 1835இல் ஜான் வெட்ஜ் என்ற நில அளவையாளர் ஆற்றங்கரையில் நின்று, அங்கே பாறைகளில் வழிந்து விழும் தண்ணீரைக் காட்டிப் பெயர் கேட்டார். "யாரோ யாரோ" என்று பதில் வந்தது. (நம் ஊராக இருந்தால் 'ஆள் யாருன்னு தெரியாதுங்க' என்று புரிந்துகொண்டிருப்போம்!) வெட்ஜ் அதை ஆற்றின் பெயராக எழுதிவிட்டார். அந்தச் சொல் விழுந்து ஓடும் தண்ணீரைக் குறிப்பது, ஆற்றின் பெயரல்ல என்று பிறகு அவருக்கே தெரியவந்தது. ஆனால் அதற்குள் வரைபடத்தில் மை காய்ந்துவிட்டது. ஆற்றின் உண்மையான பெயர் பிர்ராருங். பனிமூட்டங்களின் ஆறு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

வாகா வாகா என்று இன்னொரு ஊர் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெரிய ஊர். அங்கே ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னால் 'நிறைய' என்று அர்த்தம். நாம் 'கூட்டம் கூட்டமாக' என்பதில்லையா? 'வாகா வாகா என்றால் காகங்கள் நிறைந்த ஊர்' என்று நூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காகம் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தப் பகுதியின் விராஜுரி மொழி தெரிந்த பெரியவர்கள் மட்டும், "காகம் இல்லை ஐயா, அது நடனம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காகத்துக்கு அவர்கள் மொழியில் வேறு சொல், கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் சொல். அதனால் வந்த குழப்பம். 2019இல் நகர மன்றம் காகத்தைக் கைவிட்டு, 'ஆடலும் கொண்டாட்டமும் நிறைந்த இடம்' என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. பாவம், காகங்களுக்குச் சொல்லி அனுப்பினார்களா தெரியவில்லை!

தலைநகர் கான்பெராவின் கதை இன்னும் சிக்கல். 1913இல் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 'கூடும் இடம்' என்று பொருள் என்பார்கள். ஆனால் அந்தப் பகுதியின் பெயரை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். கான்பெரி, கம்பெரி, ஙம்பிரி என்று பல வடிவங்கள். கேட்டவரின் காது எப்படியோ, பெயரும் அப்படி!

பெயருக்குள்ளே என்ன இருக்கிறது?

நம் ஊர்ப் பெயர்களில் பட்டி, குளம், குறிச்சி என்று வால் இருக்கிறதே, அப்படி ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 'அப்' என்று முடியும் ஊர்கள் நிறைய. நூங்கார் மொழியில் அது இடத்தைக் குறிக்கும் ஒட்டு. கோஜனப் என்றால் கல் கோடரியின் இடம். அந்தக் கோடரிக்கு 'கோஜ்' என்று பெயர்.

சிட்னிக்குப் பக்கத்தில் பர்ரமட்டா. ஆங்கிலேய ஆளுநர் பிலிப் 1788இல் அதற்கு 'ரோஸ் ஹில்' என்று பெயர் வைத்தார். 1791இல் அவரே அதை மாற்றி, மக்கள் சொன்ன பெயரை ஏற்றுக்கொண்டார். பர்ரா என்றால் விலாங்கு மீன். விலாங்குகள் படுத்துக் கிடக்கும் தண்ணீர் உள்ள இடம் என்று பொருள். அங்கேதான் ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் சந்திக்கின்றன. விலாங்குகள் அங்கே வளர்ந்து, முட்டையிடுவதற்காகக் கடலில் பல நூறு மைல் வடக்கே போகும். குஞ்சுகள் கடல் நீரோட்டத்தோடு மிதந்து திரும்பி வரும். இன்றும் வருகின்றன. ஆகவே அந்தப் பெயர் ஒரு மீன்பிடிக் குறிப்பு! அந்த ஊர் ரக்பி அணிக்கும் 'ஈல்ஸ்', அதாவது விலாங்குகள் என்றுதான் பெயர்.

கூபர் பீடி என்ற ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1915இல் அங்கே ஓபல் என்ற வண்ணக் கல் கிடைத்தது. வெயில் தாங்காமல் மக்கள் பூமிக்குள் குடைந்து வீடு கட்டிக்கொண்டார்கள். 'கூப பீட்டி' என்று ஆதிகுடி மக்கள் அதை அழைத்தார்கள். வெள்ளைக்காரன் பொந்து! அதையே அழகான பெயர் என்று ஊருக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒன்று கவனியுங்கள். இந்தப் பெயர்களில் மனிதர் பெயர் ஏதாவது வந்ததா? வராது. ஆதிகுடி மக்கள் பொதுவாக இடத்துக்கு மனிதர் பெயரை வைப்பதில்லை. பல இனங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரை நெடுநாள் உச்சரிக்கக்கூட மாட்டார்கள். ஆங்கிலேயரோ பார்த்த மலைக்கெல்லாம் மந்திரி பெயர், ஏரிக்கெல்லாம் அதிகாரி பெயர் என்று சூட்டிக்கொண்டே போனார்கள்.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்லலாம். 1828இல் நியூ சவுத் வேல்ஸின் தலைமை நில அளவையாளரான தாமஸ் மிட்செல், உள்ளூர்ப் பெயர்களையே வரைபடத்தில் எழுதச் சொன்னார். காரணம் என்ன தெரியுமா? பின்னால் வருகிற பயணி வழி தவறினால் யாரைக் கேட்பான்? அங்கே வாழ்கிறவரைத்தானே! அவருக்குத் தெரிந்த பெயரைச் சொன்னால்தானே அவர் கையைக் காட்டுவார்! அவர் எடுத்துக்கொண்ட நிலம் அந்த மக்களுடையது என்பது வேறு விஷயம். ஆனால் இந்த ஒரு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பாலைவனத்தில் ஒன்பது கிணறுகள்

இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலைவனத்துக்குள் போகப் போகிறோம்.

ஆஸ்திரேலியாவின் நடுவில் சிம்ப்சன் பாலைவனம் இருக்கிறது. சிவப்பு மணல் மேடுகள், கோடு போட்டது போல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஆயிரத்துக்கு மேல் ஓடுகின்றன. சில மேடுகள் 200 கிலோமீட்டர் நீளம். ஆறு கிடையாது. 1929இல் மாடிகன் என்ற ஆராய்ச்சியாளர் விமானத்தில் பறந்து பார்த்துவிட்டு, தனக்கு உதவிய சிம்ப்சன் என்ற செல்வந்தரின் பெயரை வைத்தார். அந்தக் குடும்பத்தின் கம்பெனி பின்னாளில் சலவை இயந்திரம் செய்து புகழ் பெற்றது. தண்ணீரே இல்லாத இடத்துக்கு எப்படிப் பொருத்தமான பெயர், பாருங்கள்!

ஆனால் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். வங்கஙுரு என்ற மொழி பேசியவர்கள். மணல் மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில், களிமண்ணுக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்கள் சில உண்டு. அங்கே கையாலேயே தோண்டி, ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் குறுகலான ஆழமான கிணறுகள் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு 'மிகிரி' என்று பெயர். கீழே இறங்கி, மரக் கிண்ணத்தில் சிறிது சிறிதாகத் தண்ணீரை மொண்டு மேலே கொடுக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவே மணல்தான். இடத்தைத் தவறவிட்டால் உயிர் போய்விடும்.

வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெயர்களால்! ஆதி காலத்தில் முன்னோர்கள் அந்த வழியே நடந்து போனதாகப் பாட்டுகள் உண்டு. எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எந்த மேட்டில் ஏறி எதைப் பார்த்தார்கள் என்று பாட்டில் வரிசையாக இடங்களின் பெயர்கள் வரும். பாட்டு தெரிந்தால் வழி தெரியும். ஒரு பெயர் மறந்தால் ஒரு கிணறு மறைந்ததற்குச் சமம். நீங்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒரு வரியை விழுங்கினால் மதிப்பெண்தான் போகும். அங்கே அப்படியா?

1886இல் டேவிட் லிண்ட்சே என்பவர் ஒட்டகங்களோடு அந்தப் பாலைவனத்துக்குள் போனார். அந்த மக்களில் ஒருவர் வழிகாட்டியாகக் கூட வந்தார். அவர் ஒன்பது கிணறுகளை வரிசையாகக் காட்டினார். லிண்ட்சே காதில் விழுந்தபடி பெயர்களைக் குறித்துக்கொண்டார். 'பர்ரா பர்ரா' அவற்றில் ஒன்று.

சில ஆண்டுகளில் பாலைவனத்து மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். ஓரத்தில் இருந்த பண்ணைகளிலும் பாதிரிமார் நிலையங்களிலும் உணவு கிடைத்தது. உறவினர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். 1900 வாக்கில் கடைசிக் குடும்பங்களும் வந்துவிட்டன. கிணறுகளில் மணல் சரிந்தது. 1918-19இல் உலகம் முழுவதும் பரவிய விஷக் காய்ச்சல், வழி தெரிந்த பெரியவர்கள் பலரைக் கொண்டு போயிற்று.

இந்த இடத்தில் ஓர் அம்மையார் வருகிறார். பெயர் லூயிஸ் ஹெர்கஸ். 1926இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, சிறுமியாக இங்கிலாந்துக்கு ஓடி வந்தவர். பிறகு ஆஸ்திரேலியாவில் பேராசிரியையாகச் சொல்லிக் கொடுத்தது எதைத் தெரியுமா? நம் நாட்டுச் சமஸ்கிருதத்தை! 1960களில் விடுமுறை நாட்களில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஆதிகுடிப் பெரியவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார். "அந்த மொழியெல்லாம் எப்போதோ போய்விட்டது" என்று படித்தவர்கள் கையை விரித்தார்கள். அவர் போய்க் கேட்டார். போகவில்லை, இருந்தது. ஒரு மொழிக்கு ஒருவர், இருவர் என்று இருந்தார்கள்.

அவர்களில் மிக் மக்ளீன் என்ற முதியவர் வங்கஙுரு இனத்தவர். பாலைவனத்துக்குள்ளேயே பிறந்து, சிறு பையனாக வெளியே வந்தவர். உங்கள் வயதில் பார்த்த கிணறுகள். அதற்குப் பிறகு அறுபது எழுபது வருடம் ஓடிவிட்டது. ஆனால் பாட்டு மறக்கவில்லை! கிணறுகளின் பெயர்களையும் கதைகளையும் அவர் சொல்லச் சொல்ல, ஹெர்கஸ் பதிவு செய்தார். தன் காலத்தோடு இது போய்விடக்கூடாது என்று அந்தப் பெரியவருக்கு இருந்தது. சொல்லி முடித்து, 1977இல் அவர் காலமானார்.

1983இல் டெனிஸ் பார்ட்டெல் என்ற பயணி, லிண்ட்சேயின் பழைய குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் தேடினார். கிணறுகள் இருந்த இடங்கள் கிடைத்தன! மணல் மூடியிருந்தது. சுற்றிலும் மக்கள் விட்டுச் சென்ற கல் கருவிகள் கிடந்தன. அதன் பிறகு ஹெர்கஸும் அங்கே போனார். லிண்ட்சே எழுதிய பெயர்களையும், ஒலிநாடாவில் இருந்த பெரியவரின் குரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒட்டகத்தில் வந்தவர் அரைகுறையாக எழுதிய பெயர்களுக்குச் சரியான உச்சரிப்பும் பொருளும் கிடைத்தன. ஒன்பது கிணறுகளைப் பற்றி 1986இல் ஒரு கட்டுரை வெளியானது.

ஹெர்கஸ் அம்மையார் 2018இல் மறைந்தார். கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு முன்னோடியாக ஒருவரை மறக்கக் கூடாது. அதே பாலைவனத்துக்குத் தெற்கே 1888 முதல் 1906 வரை ராய்தர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இருந்தார். அவர் 2,400க்கும் மேற்பட்ட இடப் பெயர்களைப் பொருளோடும் கதையோடும் எழுதி வைத்தார். அவரோடு இருந்த ஹில்லியர் என்ற பள்ளி ஆசிரியர் அத்தனையையும் ஒரு பெரிய வரைபடத்தில் குறித்தார். வாத்தியார் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அத்தனை சின்ன எழுத்தில் எழுத அந்த மனிதருக்கு எத்தனை இரவு பிடித்திருக்கும்! வெறும் பாலை என்று மற்றவர்கள் வெற்றிடமாக விட்ட பகுதி அது.

பழைய பெயர் திரும்பி வருகிறது

சிவந்த பெரும் பாறை ஒன்றின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 348 மீட்டர் உயரம். 1873இல் அதைப் பார்த்த கோஸ் என்பவர், ஒரு மந்திரியின் பெயரை வைத்து 'ஏர்ஸ் பாறை' என்றார். அங்கே வாழும் மக்களுக்கு அது எப்போதும் உலுரு. 1993இல் அரசாங்கம் 'ஏர்ஸ் பாறை - உலுரு' என்று இரண்டு பெயரையும் ஏற்றது. 2002இல் வரிசையை மாற்றி உலுருவை முன்னால் வைத்தது. பாறை தங்களுக்குப் புனிதமானது, ஏறாதீர்கள் என்று அந்த மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 அக்டோபரில் ஏறுவதும் நிறுத்தப்பட்டது.

உலுரு என்றால் என்ன பொருள்? பொருளே கிடையாது! அது அந்த இடத்தின் பெயர், அவ்வளவுதான். எல்லாப் பெயரையும் உடைத்துப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருக்கும் உருண்டைக் குன்றுகளுக்கு மட்டும் பொருள் உண்டு. கட்டா ஜுட்டா, அதாவது 'பல தலைகள்'.

ஒரு ரகசியம் சொல்கிறேன். உலுருவின் கடைசி எழுத்தை நாம் 'ரு' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த எழுத்தின் அடியில் ஒரு கோடு போடுகிறார்கள். ஏனென்றால் அது சாதாரண ரகரம் இல்லை, நாக்கை மடித்துச் சொல்வது. நம் சிறப்பு ழகரத்துக்கு மிக நெருக்கமான ஒலி! 'உலுழு' என்று சொன்னால் அந்த மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் மொழியில் ண, ன வேறுபாடும் உண்டு. ள, ல வேறுபாடும் உண்டு. ஆங்கிலேயர் இவற்றைப் பிரித்தறிய அரும்பாடு பட்டார்கள். நீங்கள் பட மாட்டீர்கள். (சரியாகச் சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன். 'பளம்' என்பவர்களை இல்லை!)

குவீன்ஸ்லாந்துக் கரையோரம் உலகிலேயே பெரிய மணல் தீவு ஒன்று இருக்கிறது. 1836இல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஃபிரேசர் என்ற தம்பதியின் பெயரால் அது நெடுங்காலம் ஃபிரேசர் தீவு எனப்பட்டது. 2023 ஜூனில் அதன் பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. 'கரி' என்பது போல உச்சரிக்க வேண்டும். சொர்க்கம் என்று பொருள். பூமியைப் படைக்க உதவிய ஒரு தேவதை, அழகில் மயங்கி, திரும்பிப் போக மனமில்லாமல் அந்தத் தீவாகவே படுத்துவிட்டதாகக் கதை. 2012இல் ஏர் ஏரிக்கு முன்னால் 'கட்டி தண்டா' சேர்ந்தது. டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகருக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு 2013இல் 'குனன்யி' என்ற பெயரும் சேர்ந்தது.

டாஸ்மேனியாவின் நிலைமை மற்ற இடங்களைவிடக் கடினம். அங்கே மொழிகள் அநேகமாக முழுக்க அழிந்துவிட்டன. 1899இலும் 1903இலும் ஃபேனி காக்ரன் ஸ்மித் என்ற மூதாட்டி மெழுகு உருளைகளில் பாடிப் பதிந்த பாட்டுகள் இருக்கின்றன. பழைய நாட்குறிப்புகளில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்பட்ட சொற்கள் இருக்கின்றன. இவற்றைக் கோத்துத்தான் அந்த மக்கள் தங்கள் மொழியை மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

250க்கும் மேல் இருந்த மொழிகளில், இன்று குழந்தைகள் பிறந்தது முதல் பேசி வளரும் மொழிகள் ஏறக்குறைய ஒரு டஜன்தான். மற்றவற்றில் பல, வயதானவர்கள் சிலரின் வாயில் இருக்கின்றன. அதனால் இன்றும் பெரியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பேரன் பேத்திகளும் கூடப் போய், ஒவ்வொரு இடமாக இறங்கிப் பெயர் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் பாதிப் பெயர்தான் வருமாம். அந்த ஓடையின் கரையில் நின்றால்தான் மீதியும் நினைவுக்கு வருகிறதாம்!

சரி, அட்லஸை எடுங்கள். ஆஸ்திரேலியாப் பக்கத்தைத் திறந்து, எது மந்திரி பெயர், எது மண்ணின் பெயர் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். நடுவில் சிம்ப்சன் பாலைவனம் என்று எழுதியிருக்கும் இடத்தில், ஒன்பது சின்னப் புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கான்பெரா பக்கத்து மக்களின் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள், பார்ப்போம். ஙு... ஙுன்னவால்!

ம்ஹும், 'நு' இல்லை. இன்னொரு தடவை.